இருமலின் சத்தத்தை விடுங்கள், மூச்சை எண்ணுங்கள்

மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ ஒரு துணை சுகாதார நிலையத்தில் புதிதாகப் பொறுப்பேற்கும் செவிலியரிடம் முதல் வாரத்திலேயே இருமல்காரர் ஒருவர் வந்துவிடுவார். "கொஞ்ச நாளா இருமல் சிஸ்டர், ஒரு டானிக் குடுங்க" என்பார். இதில் நமக்கு உதவும் சொல் ‘கொஞ்ச நாளா’ மட்டும்தான். அது எத்தனை நாள்?

நேராகக் கேட்டால் சரியான பதில் வராது. தேதி யாருக்கும் நினைவிருக்காது, திருவிழா நினைவிருக்கும். "அழகர் ஆத்துல எறங்குனப்ப இருமல் இருந்துச்சா?" "போன மாசம் ரேஷன் வாங்கப் போனப்ப?" "நாத்து நட்டப்ப?" என்று கேட்டால் நாள் தானாக விழும். பெரியவர்களுக்கு 3 வாரத்துக்குள் இருந்தால் புதிய இருமல், 3 முதல் 8 வாரம் வரை இடைப்பட்டது, 8 வாரம் தாண்டினால் நாட்பட்டது என்று உலகெங்கும் பிரிக்கிறார்கள். குழந்தைகளுக்கு 4 வாரமே நாட்பட்டதுதான். நம் நாட்டில் இதற்கெல்லாம் முந்திய கோடு ஒன்று உண்டு: 2 வாரம். அதைத் தொட்டுவிட்டால் சளிப் பரிசோதனை. ஏன் என்பது பின்னால் வரும்.

இருமல் எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் கேள்விகள் தாமாக வரும். குரல்வளை, மூச்சுக்குழல், அது இரண்டாகப் பிரியும் கவை, பெரிய கிளைக்குழல்கள் ஆகியவற்றின் உள்தோலில் நரம்பு முனைகள் விரவிக் கிடக்கின்றன. தூசு, புகை, சளி, அமிலம் எது பட்டாலும் வேகஸ் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குச் செய்தி போகும். உடனே ஓர் ஆழ்ந்த மூச்சு. குரல்வளை சுமார் 0.2 நொடி இறுக மூடும். வயிறும் விலாத் தசைகளும் அழுத்த, நெஞ்சுக்குள் அழுத்தம் 300 மி.மீ. பாதரசம் வரைகூட ஏறும். பிறகு கதவு திறந்து காற்று சீறும். இத்தனை அழுத்தம் இருப்பதால்தான் விடாமல் இருமுகிறவருக்கு விலா எலும்பு விரிசல் விடுகிறது, சிலருக்கு இருமும்போதே மயக்கம் வருகிறது. பிள்ளை பெற்ற பெண்களுக்கு இருமும்போது சிறுநீர் கசியும். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுத் துளை வரை போகிறது. அதனால் காதுக் குறும்பி கட்டியாகி அழுத்தினாலும் இருமல் வரலாம். காதைப் பார்க்க அரை நிமிடம் போதும்.

இதைவிட முக்கியமான சங்கதி, நுரையீரலின் ஆழத்தில், மூச்சுக்குழல்களின் முனையில் உள்ள காற்றுப் பைகளில் இருமல் நரம்புகள் இல்லை என்பது. நிமோனியா அங்கேதான் பிடிக்கிறது. ஆகவே வீடே அதிர இருமுகிறவர் ஆபத்தில் இல்லாமல் இருக்கலாம். அதிகம் இருமாத பாட்டி ஒருவர் நிமிடத்துக்கு 32 தடவை மூச்சு விட்டுக்கொண்டு, இரண்டு நாளாகச் சாப்பிடாமல், பேச்சுக் குழறி உட்கார்ந்திருப்பார். அவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். பெரியவர்களுக்கு ரத்தப் பரிசோதனை இல்லாமலே போடக்கூடிய கணக்கு ஒன்று உண்டு: புதிதாக மனக்குழப்பம், மூச்சு 30 அல்லது அதற்கு மேல், ரத்த அழுத்தத்தின் மேல் எண் 90க்குக் கீழ் அல்லது கீழ் எண் 60 அல்லது அதற்குக் கீழ், வயது 65 அல்லது அதற்கு மேல். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஒரு புள்ளி வந்தாலே மருத்துவரிடம் பேசுங்கள். மூன்று வந்தால் 108.

குழந்தைக்கு மூச்சு எண்ணுவது தனிக் கைவேலை. தாயின் மடியிலேயே இருக்கட்டும், சட்டையை மட்டும் தூக்கிவிடுங்கள். அழும்போது எண்ணாதீர்கள். வயிறும் நெஞ்சும் சேருமிடத்தில் கண்ணை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குவது பச்சிளம் குழந்தைக்கு ஆகாது. அதன் மூச்சு சில நொடி வேகமாகவும் சில நொடி நின்றதுபோலவும் ஓடும், கணக்கு தப்பிவிடும். 2 மாதத்துக்குள் 60, 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இதைத் தொட்டாலே வேகமான மூச்சு. 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 வந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள். மறுபடியும் அப்படியே இருந்தால் மருத்துவமனைக்கு அனுப்புவதுதான், இங்கே வைத்துப் பார்க்கிற வேலை கிடையாது. மூத்த குழந்தைக்குக் கடும் காய்ச்சல் இருந்தால் கிலோவுக்கு 15 மி.கி. பாரசிட்டமால் கொடுத்து, காய்ச்சல் தணிந்தபின் திரும்ப எண்ணலாம்.

எண்ணும்போதே விலாவின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். மூச்சை இழுக்கையில் வயிறு உப்ப, விலாவின் அடி உள்ளே குழிகிறதா? அமைதியாக இருக்கும்போதே தொண்டையில் கரகரவென்று சத்தம் வருகிறதா? பால் குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, துவண்டு கிடக்கிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் அனுப்புங்கள். வேறு அபாயம் எதுவும் இல்லாமல் வேகமான மூச்சு மட்டும் என்றால் அமாக்ஸிசிலின்: 4 முதல் 10 கிலோ வரை 250 மி.கி. கரையும் மாத்திரை ஒன்று, 10 முதல் 14 கிலோ வரை இரண்டு, காலையும் இரவும், 5 நாள். இரண்டாம் நாள் முடிந்ததும் கட்டாயம் திரும்ப வரச் சொல்லுங்கள்.

நன்றாக விளையாடிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் திடீரென்று புரையேறி, அதிலிருந்து இருமல் நிற்கவில்லை என்றால் அது சளியல்ல. புளியங்கொட்டை, வேர்க்கடலை, சீத்தாப்பழ விதை ஏதாவது மூச்சுக்குழலுக்குள் போயிருக்கும். ஒரு பக்கம் மட்டும் வீசிங் கேட்கும். வேர்க்கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. படம் சுத்தமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டு, ஒரு மாதம் நெபுலைசரில் ஓடிய குழந்தைகள் உண்டு. "எப்ப ஆரம்பிச்சுது?" என்பதோடு "அப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்தான்?" என்றும் கேட்க வேண்டும்.

டானிக் விஷயம். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு வேதிப்பொருள் 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வில் தெரிந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். கலப்படம் இல்லாத நல்ல மருந்தாலும் பெரிய பயன் இல்லை. 2 வயதுக்குள் இருமல், சளி மருந்து கூடாது. 5 வயதுக்குள் பொதுவாக வேண்டாம் என்பது மத்திய அரசின் அறிவுரை. ஒரு வயது தாண்டிய குழந்தைக்குப் படுக்கும் முன் அரைத் தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது; அதில் இருக்கக்கூடிய பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நச்சைச் சுரந்துவிடும். கற்பூரவள்ளிச் சாறு, சுக்குக் கஷாயம் என்று பாட்டி வைத்தியத்துக்கு நாம் குறுக்கே நிற்க வேண்டியதில்லை. ஆவி பிடிப்பதற்கு மட்டும் நில்லுங்கள். கொதிக்கும் சட்டி கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகளைத் தீக்காயப் பிரிவில் பார்க்கலாம்.

பெரியவர்களின் புதிய இருமல் பெரும்பாலும் வைரஸ்தான். சராசரியாக 18 நாள் போல இழுக்கும். நோயாளியோ ஒரு வாரத்தில் போய்விட வேண்டும் என்று எதிர்பார்ப்பார். ஆன்டிபயாடிக் சண்டை தொடங்குவது இந்த இடைவெளியில்தான். "சளி பச்சையா வருது சிஸ்டர்" என்பது பாக்டீரியாவுக்குச் சாட்சியல்ல. வெள்ளணுக்களில் உள்ள ஒரு நொதியே பச்சை நிறம். வைரஸை எதிர்த்துச் செத்த அணுக்களும் அதே நிறத்தைத்தான் தரும். காய்ச்சல் போனபிறகும் தாளிப்பு வாடை, ஊதுபத்தி, குளிர்காற்று பட்டால் இருமல் வருகிறதென்றால், உரிந்த உள்தோல் இன்னும் மூடவில்லை, நரம்பு முனை வெளியே நிற்கிறது என்று பொருள். "இன்னும் பத்து நாள் இருக்கும், குறைந்துகொண்டே போகும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பேர் ஊசி கேட்டு வர மாட்டார்கள்.

நாட்பட்ட இருமலுக்கு முதலில் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வாங்கும் பிரஷர் மாத்திரையில் எனலாப்ரில் இருக்கிறதா? இந்த வகை மாத்திரை தடுக்கும் நொதிதான் உடலில் சுரக்கும் பிராடிகைனின் என்ற பொருளையும் உடைக்கிறது. அது உடையாமல் சேர்ந்தால் நரம்பு முனைகள் சுறுசுறுப்பாகி, தொண்டையில் நமநமவென்று வறட்டு இருமல் வரும். மாத்திரை தொடங்கிப் பல மாதம் கழித்தும் வரலாம் என்பதால் நோயாளி இரண்டையும் முடிச்சுப் போட மாட்டார். மாத்திரையை நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள். மருத்துவரிடம் சொல்லி லோசார்டானுக்கோ அம்லோடிபினுக்கோ மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு இருமல் அடங்க 1 முதல் 4 வாரம், சிலருக்கு 3 மாதம்கூட ஆகும்.

விடியற்காலை இருமலும் இளைப்பும் ஆஸ்துமாவைச் சொல்லும். ஊதும் காற்றின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் மூன்று முறை ஊதவைத்து அதிகமானதைக் குறியுங்கள். சால்புட்டமால் 4 பஃப் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதவையுங்கள். 20 சதவீதம் ஏறினால் அநேகமாக அதுதான். இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் குழாயான ஸ்பேசர் இல்லையென்றால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும், 500 மி.லி. தண்ணீர் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி ஓட்டை போட்டால் அதுவே ஸ்பேசர். இரவு இருமலோடு, ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளணு ஒரு மைக்ரோலிட்டருக்கு 3,000 தாண்டினால் யானைக்கால் புழுவால் வரும் நுரையீரல் ஒவ்வாமையை நினைவில் வையுங்கள். யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் டிஇசி மாத்திரையில் நன்றாகவே கேட்கும். மதுரைக்காரர்கள் பதினொரு மணிக்குக் கறிதோசை சாப்பிட்டுப் பதினொன்றரைக்குப் படுப்பவர்கள். நெஞ்செரிச்சலும் சேர்ந்திருந்தால் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேர இடைவெளிதான் முதல் மருந்து. படுத்தால் இருமல், எழுந்து உட்கார்ந்தால் தணிவு, காலில் வீக்கம் என்றால் இதயம்.

தொழிலைக் கேட்காமல் யாரையும் அனுப்பாதீர்கள். விறகடுப்பா, பீடியா, நூற்பாலையா? விடுமுறை முடிந்து ஆலைக்குப் போன முதல் நாள் நெஞ்சு இறுகுவது பஞ்சுத் தூசு நோயின் முத்திரை. கல் குவாரியில் வேலை செய்தவருக்கு சிலிகா தூசு காசநோய்க்கும் வாசலைத் திறந்துவிடுகிறது.

இனி அந்த 2 வாரம். அதற்குக் காரணம் காசநோய். இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்வை என்ற நான்கையும் எல்லாரிடமும் கேளுங்கள். சளியில் ரத்தம் வந்தாலோ எச்.ஐ.வி. இருந்தாலோ 2 வாரம் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை நோயாளிக்குக் காசநோய் வரும் வாய்ப்பு 2 முதல் 3 மடங்கு; அவர்களிடம் இன்னும் கவனம் தேவை. லெவோஃப்ளாக்ஸசின், சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் காசநோய்க் கிருமியைத் தற்காலிகமாக அடக்கும், தனியாக நோயைத் தீர்க்காது. "மாத்திரைல நல்லாத்தான் இருந்துச்சு, நிறுத்துனதும் வந்துருச்சு" என்று வருபவரிடம் மெடிக்கலில் வாங்கிய அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள்.

சளி எடுப்பதில்தான் பாதித் தவறு. மைக்ராஸ்கோப்பில் கிருமி தெரிய ஒரு மி.லி.யில் சுமார் 10,000 இருக்க வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபி நாட் கருவிக்கு 130 போல இருந்தாலே போதும். ஆனால் குப்பியில் இருப்பது எச்சில் என்றால் எந்தக் கருவியும் ஏமாறும். நோயாளியை அறைக்குள் வைக்காமல் வேப்பமர நிழல்போலத் திறந்த இடத்துக்கு அனுப்புங்கள். வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து அடக்கி விட்டு, அடிவயிற்றிலிருந்து இருமச் சொல்லுங்கள். 2 மி.லி.க்குக் குறையாமல் கெட்டியான கோழை வேண்டும். நுரையும் தண்ணியுமாக இருந்தால் இன்னொரு முறை. பெயரைக் குப்பியின் உடம்பில் எழுதுங்கள். மூடியில் எழுதினால் ஆய்வகத்தில் மூடிகள் மாறும்போது நோயும் ஆள் மாறிவிடும். கிருமி இல்லை என்று முடிவு வந்தும் இருமல் நிற்கவில்லையென்றால் எக்ஸ்ரே.

காசநோய் உறுதியானால் 2022 முதல் தமிழ்நாட்டில் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின்படி அன்றே சில அளவுகளைப் பார்க்க வேண்டும். உயரமும் எடையும் எடுத்து உடல் நிறை எண் 14 அல்லது அதற்குக் கீழா, இரண்டு காலும் வீங்கியிருந்தால் 16 அல்லது அதற்குக் கீழா என்று கணக்கிடுங்கள். மூச்சு 24க்கு மேலா, ஆக்சிஜன் 94க்குக் கீழா என்று பாருங்கள். விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இருந்தால் ஆக்சிமீட்டர் பொய் சொல்லும்; வேறு விரலில் மாட்டி, எண் நிலைக்கும் வரை காத்திருங்கள். கடைசியாக, பெஞ்சிலிருந்து யாரும் பிடிக்காமல் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். எழ முடியவில்லை என்றாலோ, மேலே சொன்ன அளவுகளில் ஒன்று தப்பியிருந்தாலோ, மாத்திரைப் பொட்டலத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல், அன்றைக்கே உள்நோயாளியாகச் சேர்க்க வழி செய்யுங்கள்.