'மாசுச் சொர்க்கம்' தவறு. 'மாசுத்தொழில் புகலிடம்' என்போம்

வணிக ஒப்பந்தங்கள் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் 'மாசுச் சொர்க்கம்' என்ற சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. சுற்றுச்சூழல் சட்டம் இறுகிய நாட்டிலிருந்து ஆலைகள் நழுவிப் போய்ச் சேரும், சட்டம் தளர்ந்த நாட்டுக்குப் பொருளியலார் வைத்த பெயர் 'பொல்யூஷன் ஹேவன்'. ஹேவன் என்றால் துறைமுகம், புயலில் கப்பல் ஒதுங்கும் இடம். கோபன்ஹேகன் என்ற ஊர்ப்பெயரிலும் அந்த வேர் உண்டு. சொர்க்கம் என்பது ஹெவன். ஓரெழுத்து வேறுபாட்டைக் கவனிக்காமல் யாரோ பெயர்த்தது அப்படியே நிலைத்துவிட்டது.

வரி குறைந்த நாட்டைப் பிரெஞ்சுக்காரர்களே 'வரிச் சொர்க்கம்' என்றுதான் சொல்கிறார்கள் என்று சிலர் வாதிடுகிறார்கள். வரி விஷயத்தில் அது ஓரளவு பொருந்தலாம். பணம் பதுக்குபவனுக்கு அங்கே சுகம்தான். மாசுக்கு எப்படிப் பொருந்தும்? 2008இல் அமெரிக்கா காற்றில் ஈயத்தின் வரம்பைக் கனமீட்டருக்கு 1.5 மைக்ரோகிராமிலிருந்து 0.15 ஆகக் குறைத்தது. அதன்பின் பழைய கார் பேட்டரிகள் மெக்சிகோவுக்கு முன்னைவிட ஏராளமாக ஏற்றுமதியாயின. பேட்டரியை உடைத்து, அமிலத்தை வடித்து, ஈயத் தகடுகளை உலையில் உருக்கும் வேலை அங்கே நடக்கிறது. ஈயத்தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அந்த உலைகளுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களின் ஊரைச் சொர்க்கம் என்று எழுத எப்படி மனம் வருகிறது?

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் 'மாசுத் துறக்கம்' என்கிறார்கள். துறக்கம் என்பது சொர்க்கத்துக்கான சங்ககாலச் சொல், அழகான சொல். ஆனால் பிழையான பொருளுக்குத் தூய தமிழில் பெயர் சூட்டி என்ன பயன்? மூலச்சொல்லின் பொருளை அகராதியில் பார்த்துவிட்டு அல்லவா வேர்ச்சொல் தேடப் புறப்பட வேண்டும்? இன்றைய கலைச்சொல்லாக்கத்தில் இந்த வரிசை தலைகீழாகவே இருக்கிறது.

'மாசுப் புகலிடம்' பரவாயில்லை. ஆனாலும் புகல் தேடுவது மாசு அல்ல, மாசுபடுத்தும் தொழில். ஆகவே 'மாசுத்தொழில் புகலிடம்' என்பதே தெளிவு. அகதிகளுக்குரிய சொல்லை ஆலைக்குத் தரலாமா என்று கேட்பார்கள். 'குற்றவாளிக்குப் புகலிடம்' என்றும் நாம் சொல்கிறோமே.

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டால் ஒப்பந்த விதிகளும் விளங்கும். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்றுக்கும் இடையே 1994 முதல் 2020 வரை நடைமுறையில் இருந்த நாஃப்டா வணிக ஒப்பந்தத்தின் 1114ஆம் பிரிவு, முதலீட்டை ஈர்ப்பதற்காகச் சுற்றுச்சூழல் நெறிகளைத் தளர்த்துவது முறையல்ல என்றது. அதாவது, எந்த நாடும் மாசுத்தொழிலுக்குப் புகலிடம் தரக்கூடாது. மீறினால் கலந்துபேசலாம் என்பதற்கு மேல் அந்தப் பிரிவுக்கு வலு இருக்கவில்லை. பேட்டரி லாரிகள் எல்லை தாண்டுவதை அது தடுக்கவில்லை.