பசளைக்கும் பருவம் உண்டு

காலபோகத்தில் விதைத்த வயலுக்கு எப்போது யூரியா எறிவது என்று வன்னியில் யாருக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. தூரில் புதுத் தண்டுகளாக மட்டம் வெடிக்கிற நேரத்தில் எறிந்தால் பயிர் பெருகும். கதிர் வருகிற நேரத்தில் அள்ளி எறிந்தால் இலைதான் கருகருவென்று தழைக்கும். கதிர் பிந்தும், ஒரு காற்றடித்தால் பயிர் படுத்துவிடும். பசளை ஒன்றுதான், பருவம்தான் வேறு.

இன்சுலின் சுரக்கும் கலங்கள் எப்படி உருவாகின்றன என்று படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்த வயல்தான் என் கண்ணுக்குள் நிற்கிறது.

படிக்கத் தூண்டியது எங்கள் ஒழுங்கைப் பிள்ளை ஒன்று. ஏழு வயதில் அதற்கு முதலாம் வகைச் சலரோகம், அதாவது நீரிழிவு, வந்தது. இன்சுலினைக் குளிராக வைத்திருக்க வீட்டில் அப்போது மின்சாரம் இல்லை. தாய் பெரிய மண்சட்டியில் ஈரமணல் பரப்பி, நடுவில் சின்ன முட்டியைப் புதைத்து, இன்சுலின் போத்தலைப் பொலித்தீன் பையில் சுற்றி உள்ளே இறக்குவார். மேலே நனைத்த சாக்குத் துண்டு. வெயில் ஏற ஏறச் சாக்கைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் தெளிப்பார். பிள்ளை சீனி கூடத் தின்றதால் வந்த வருத்தம் என்று ஊரில் சிலர் கதைத்தார்கள். அந்தக் கதை தாயை எவ்வளவு நோகடித்தது என்பதைப் பார்த்தவன் நான். உண்மை அதுவல்ல. உடலின் நோய் எதிர்ப்புக் கலங்களே இன்சுலின் சுரக்கும் பீற்றா கலங்களைப் பகை என்று எண்ணி அழித்துவிடுகின்றன. அதில் பிள்ளையின் பிழையும் இல்லை, தாயின் பிழையும் இல்லை.

பீற்றா கலங்கள் இருப்பது சதையியில், அதாவது கணையத்தில். 1869இல் ஜேர்மனிய ஆய்வாளர் லாங்கர்கான்ஸ் கண்ட சிறு தீவுகளுக்குள் அவை கூடி வாழ்கின்றன. அத்தனை தீவுகளையும் சேர்த்தாலும் சதையியின் நிறையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் வரும்.

சரி, இவை எங்கிருந்து வருகின்றன? கரு உண்டாகி நான்காம், ஐந்தாம் கிழமைகளில், குடலாக மாறப்போகும் குழலின் சுவரில் சதையி ஒரு மொட்டாக அரும்புகிறது. அந்த மொட்டு தானாக வளராது. 1962இல் கொலோசோ, குரொப்ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் எலி முளையத்தின் சதையி மொட்டைச் சுற்றியிருந்த இழையத்தை உரித்துவிட்டுப் பார்த்தார்கள். மொட்டு வளரவில்லை. சுற்றியுள்ள இழையம் ஏதோ ஒன்றைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அந்த 'ஏதோ ஒன்று' வளர்ச்சிக் காரணிகள். இவை ஒரு கலம் வெளியே விட, இன்னொரு கலம் பிடித்துக்கொள்ளும் புரதங்கள். பிடிக்கிற கலத்தின் மேற்பரப்பில் அதற்கென்றே ஒரு வாங்கி இருக்கும். காரணி வந்து பொருந்தியதும் வாங்கியின் உட்பக்கம் விழித்துக்கொள்ளும். செய்தி ஒரு புரதத்திலிருந்து அடுத்த புரதத்துக்குக் கைமாறிக் கலத்தின் கருவுக்குள் போய்ச் சில மரபணுக்களை இயக்கும். காரணி கலத்துக்குள் நுழைய வேண்டியதே இல்லை.

சதையி மொட்டுக்கு இப்படிக் கிடைக்கும் காரணிகளில் முக்கியமானது எப்.ஜி.எப்.10. அது இல்லாத எலிகளில் மொட்டு அரும்புகிறது, ஆனால் மேலே பெருகாமல் குறுகிப்போகிறது. 2001இல் இது தெரிந்தது. அப்படியானால் நிறையக் கொடுத்தால் நிறைய பீற்றா கலங்கள் வருமே என்றுதான் யாருக்கும் தோன்றும். 2003இல் எலிகளின் சதையியில் அந்தக் காரணி ஓயாமல் சுரக்கும்படி செய்து பார்த்தார்கள். பீற்றா கலங்களாக மாறவேண்டிய முதற்கலங்கள் பெருகின, பெருகின, பெருகிக்கொண்டே இருந்தன. பீற்றா கலங்களாக மாறுவது தடைப்பட்டது. கதிர் வருகிற நேரத்தில் யூரியா எறிந்த வயலேதான்! 'பெருகு' என்ற கட்டளை ஓய்ந்தால்தான் 'முதிர்' என்ற கட்டளை கலத்தின் காதில் விழும்.

ஆய்வுகூடத்தில் பீற்றா கலம் வளர்ப்பவர்கள் இந்தப் பருவக் கணக்கைத்தான் பின்பற்றுகிறார்கள். 2014இல் ஹார்வர்டில் டக்ளஸ் மெல்டனின் குழு எந்தக் கலமாகவும் மாறக்கூடிய மனித மூலக்கலங்களிலிருந்து இன்சுலின் சுரக்கும் கலங்களை ஆக்கிக் காட்டியது. மெல்டனின் இரு பிள்ளைகளுக்கும் முதலாம் வகைச் சலரோகம். அந்தக் குழு மூலக்கலங்களுக்குக் கொடுத்த வரிசை இது: முதல் மூன்று நாள் அக்டிவின் என்ற காரணி. அப்புறம் எப்.ஜி.எப். குடும்பத்தின் இன்னொரு காரணி. பிறகு உயிர்ச்சத்து ஏயிலிருந்து வரும் ரெற்றினோயிக் அமிலம். பிந்திய கட்டத்தில், தொடக்கத்தில் தேவைப்பட்ட அக்டிவின் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ அந்தக் குடும்பத்தின் செய்தியையே மறிக்கும் மருந்து. எல்லாம் முடிய நான்கைந்து கிழமை செல்லும். வரிசை குழம்பினால் வேறு கலங்கள்தான் மிஞ்சும்.

இப்படி வளர்த்த கலங்களைக் கல்லீரலுக்குப் போகும் நாளத்தினூடாகச் செலுத்திய பரிசோதனையின் முடிவு 2025இல் வெளியானது. முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டின் பின் இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தார்கள். ஆனால் பழைய பகை தீரவில்லை. புதிய கலங்களையும் உடல் அழித்துவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை அவர்கள் தொடர்ந்து எடுக்க வேண்டும். அந்த மருந்து எடுப்பவரைத் தொற்றுநோய்கள் எளிதில் பிடிக்கும். அதனால் எதிர்ப்புக் கலங்களின் கண்ணில் படாதபடி பீற்றா கலங்களின் மரபணுக்களை மாற்றுகிற வேலையில் இப்போது பல குழுக்கள் இறங்கியிருக்கின்றன.