எதிர்காற்றே எதிராளி

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிப் போகும் விரைவுச் சாலையில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு ஒரு விஷயம் உடம்பாலேயே தெரியும். கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று எழுந்துவிட்டால், வடக்கே பறந்து போன வண்டி தெற்கே திரும்பும்போது நகர மறுக்கும். அந்தக் காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வருவதே காரணம். சாலை அதேதான், கால்களும் அவைதான். காற்று மட்டும் முகத்துக்கு வந்துவிட்டது. தொழில்முறை சைக்கிள் வீரர் எந்தப் பந்தயத்தில் இறங்குகிறார், எப்படிப்பட்ட உடம்பை வளர்க்கிறார், யாருக்காக உழைக்கிறார் என்பதையெல்லாம் பெருமளவு தீர்மானிப்பதும் இந்தக் காற்றுதான்.

காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. அந்த விசையை மீறி முன்னேறத் தேவையான திறன் மும்மடியாக ஏறுகிறது. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகிறவர் 40ஐத் தொட வேண்டுமானால், காற்றைச் சமாளிக்க மட்டும் எட்டு மடங்கு திறன் வேண்டும். அந்த வேகத்தில், சமதளத்தில், வீரரின் உழைப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காற்றுக்கே போய்விடும்; மீதியை டயரும் செயினும் பங்கிட்டுக்கொள்ளும். காற்றில் மோதும் பரப்பில் பெரும்பகுதி வண்டியல்ல, மனித உடம்பு. அதனால்தான் முதுகைத் தாழ்த்தி, முழங்கைகளை ஒடுக்கி, மணிக்கணக்கில் அப்படியே உட்காரப் பழகுவது விலை உயர்ந்த வண்டியைவிட அதிகப் பலன் தருகிறது.

உடம்பை ஒடுக்குவதற்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் இன்னொருவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிய வேண்டும். முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். பெருங்கூட்டத்தின் நடுவில் இருந்தால் இன்னும் வியப்பு. பெர்ட் ப்ளோக்கன் என்ற பொறியாளரின் குழு 121 வீரர்கள் கொண்ட கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்து 2018இல் முடிவுகளை வெளியிட்டது. கூட்டத்தின் உள்ளே இருப்பவர் மீது படும் காற்றெதிர்ப்பு, தனியாக ஓட்டுபவர் மீது படுவதில் 5 முதல் 10 சதவீதம்தான்.

பக்கக்காற்று வீசும்போது கணக்கு மாறுகிறது. எண்ணூரை நோக்கிப் போகிறீர்கள், கடல் வலப்பக்கம், காற்றும் அங்கிருந்தே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒருவருக்கு நேர் பின்னால் ஒளிந்து பயனில்லை; அவருக்குச் சற்று இடப்புறம் தள்ளிப் பின்னால் போக வேண்டும். உங்களுக்குப் பின்னால் வருபவர் இன்னும் இடப்புறம். இப்படிச் சாலைக்குக் குறுக்கே ஒரு சாய்ந்த வரிசை உருவாகும். சாலையின் அகலம் தீர்ந்ததும் அடுத்தவருக்கு இடம் இல்லை. மண்ணும் பள்ளமும் நிறைந்த ஓரத்தில், மறைவே இல்லாமல், அவர் தனியாகக் காற்றோடு போராட வேண்டும். ஐரோப்பியப் பந்தயங்களில் வலுவான அணிகள் இதற்காகவே காத்திருந்து, பக்கக்காற்று வந்தவுடன் வேகத்தைக் கூட்டி எதிரணியை ஓரத்துக்குத் தள்ளிக் கூட்டத்தை உடைத்துவிடும்.

சாலை வீரர்களில் பெரும்பாலோரின் தொழில் இங்கேதான் இருக்கிறது. அணித் தலைவருக்கு முன்னால் போய்க் காற்றை வாங்குவதும், தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதும், கடைசிக் கிலோமீட்டர்களுக்கு முன் களைத்து விலகுவதும் அவர்கள் வேலை. அதற்குத்தான் சம்பளம். ஒரு வெற்றிகூட இல்லாமல் பத்தாண்டு ஓடி ஓய்வு பெறுபவர்கள் உண்டு. பந்தயத்தை அவர்கள்தான் நடத்துகிறார்கள் என்பது என் கருத்து. முடிவுப் பட்டியலில் அவர்கள் பெயரைக் கீழே தேட வேண்டியிருப்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதே மறைவுக்காகக் கன்டெய்னர் லாரிகளின் பின்னால் ஒட்டி ஓட்டும் பிள்ளைகளை நம் சாலையில் பார்க்கிறேன். லாரிக்குப் பின்னால் காற்று உண்மையிலேயே இழுத்துச் செல்லும். ஆனால் எதிரே வரும் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது, லாரி பிரேக் பிடித்தால் விலக நேரமும் இருக்காது. தயவுசெய்து வேண்டாம்.

தடப் பந்தயம் வேறோர் உலகம். 250 மீட்டர் சுற்றளவுள்ள மரத்தளம், வளைவுகளில் 40 டிகிரிக்கு மேல் சாய்ந்து நிற்கும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அந்த வளைவுக்குள் நுழைபவர் உள்நோக்கிப் படுக்கும் அளவுக்குச் சாய வேண்டும். தளமும் உடன் சாய்ந்திருப்பதால்தான் டயர் பிடிமானம் இழப்பதில்லை. மெதுவாகப் போனால் அதே சரிவில் சறுக்கி விழ நேரும். வண்டிக்குப் பிரேக் கிடையாது. பின்சக்கரமும் பெடலும் நேரடியாகப் பிணைந்திருப்பதால் சக்கரம் சுழலும்வரை காலும் சுழல வேண்டும்.

நால்வர் அணியாக 4 கி.மீ. ஓட்டும் துரத்தல் பந்தயம் எனக்கு மிகப் பிடித்தது. முன்னால் இருப்பவர் தன் முறை முடிந்ததும் வளைவின் சரிவில் மேலேறுகிறார். மேலே எறிந்த பந்தைப் போல, வேகம் உயரமாக மாறுகிறது. அந்த இடைவெளியில் மற்ற மூவரும் கீழே கடந்துவிட, அவர் சரிவில் இறங்கி, இழந்த வேகத்தை உயரத்திலிருந்து திரும்பப் பெற்று, கடைசி ஆளின் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்கிறார். பிரேக்கும் இல்லை, வீண் மிதியும் இல்லை. மூன்றாவது வீரர் கோட்டைக் கடக்கும் நேரமே அணியின் நேரம்.

இந்தப் பந்தயம் நான்கு நிமிடத்துக்குள் முடிந்தாலும், அதற்கான ஆற்றலில் பெரும்பகுதியை உடம்பு ஆக்சிஜனைக் கொண்டே தயாரிக்கிறது. இதயமும் நுரையீரலும் செய்ய வேண்டிய வேலை மலைப்பாதையில் செய்வதை ஒத்திருக்கிறது. ஆகவே துரத்தல் வீரர்களால் சாலைக்கு மாற முடிகிறது. பிரிட்டன் வீரர் பிராட்லி விக்கின்ஸ் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தனிநபர், அணி என இரண்டு துரத்தல் தங்கங்களை வென்றவர். பிறகு உடல் எடையை வெகுவாகக் குறைத்து மூன்று வாரம் நடக்கும் சாலைப் பந்தயமான டூர் டி பிரான்ஸை 2012இல் வென்றார். 2016இல் மறுபடியும் தடத்துக்குத் திரும்பி அணித் தங்கம் பெற்றார். அதே பெய்ஜிங் அணியில் இருந்த ஜெரைன்ட் தாமஸ் 2018இல் டூரை வென்றார். சில நொடிகளில் முடியும் விரைவோட்ட வீரர்களுக்கு இந்த வழி கிடையாது. அவர்கள் உடம்பில் நிறைந்திருப்பவை வெடித்துச் சுருங்கும் விரைவுத் தசை இழைகள். கனத்த தொடைகள் தடத்தில் வரம், மலையில் சுமை.

காற்றின் அடர்த்தியும் கணக்கில் சேர்கிறது. ஒரு மணி நேரத்தில் தனியாக எவ்வளவு தூரம் ஓட்ட முடியும் என்ற சாதனைக்காக 1972இல் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் மெக்சிகோ நகரத்துக்குப் போனார். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல், காற்று ஐந்தில் ஒரு பங்கு மெலிந்த இடம். அங்கே 49.431 கி.மீ. ஓட்டினார். 2022இல் இத்தாலிய வீரர் ஃபிலிப்போ கன்னா சுவிட்சர்லாந்தின் கிரென்கன் உள்ளரங்கில் அதே ஒரு மணி நேரத்தில் 56.792 கி.மீ. ஓட்டியது, உட்காரும் முறையும் உடையும் வண்டியும் எவ்வளவு முன்னேறியிருக்கின்றன என்பதைச் சொல்கிறது.

நம் ஊர்க் காற்றும் மெலிந்ததே. வெப்பத்தில் காற்று விரியும். அதோடு நீராவி மூலக்கூறு நைட்ரஜனைவிட எடை குறைந்தது என்பதால் புழுக்கமான காற்று உலர்ந்த காற்றைவிட லேசானது. 32 டிகிரி வெப்பத்தில், ஈரம் நிறைந்த திருவொற்றியூர்க் காற்று, 15 டிகிரியில் உள்ள உலர்ந்த காற்றைவிட ஏறத்தாழ 7 சதவீதம் அடர்த்தி குறைந்தது. ஆனால் இந்த லாபத்தை உடம்பு திருப்பிக் கொடுத்துவிடுகிறது. தசை செலவிடும் ஆற்றலில் கால் பங்குக்கும் குறைவாகத்தான் பெடலுக்குப் போகிறது. மீதி முழுவதும் சூடு. அந்தச் சூட்டை வியர்வை ஆவியாகித்தான் வெளியேற்ற வேண்டும். ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிந்து வீணாகிறது.

வெப்பத்தில் தொடர்ந்து இரண்டு வாரம் பயிற்சி செய்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரம் தொடங்குகிறது, அதில் வெளியேறும் உப்பு குறைகிறது. குளிர்நாட்டு அணிகள் இதற்காக அறையைச் சூடேற்றி, கனத்த உடை போட்டு, நகராத சைக்கிளில் மிதிக்கின்றன. ராயபுரத்திலோ எண்ணூரிலோ பயிற்சி செய்யும் பிள்ளைக்கு அந்த அறை தேவையில்லை. அவருக்குத் தேவை போதிய தண்ணீர், உப்பு, லாரிகள் இல்லாத ஒரு பாதை, முறை வைத்து முன்னால் போக மூன்று தோழர்கள்.