வீணையில் கெட்டது மரமா, மெழுகா?

'பாட்டி வாசித்த வீணை, இனித் தேறாது' என்று பரணில் ஏற்றப்படும் பல வீணைகளில் மரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கெட்டது மேளம், அதாவது மெட்டுகளும் அவற்றைத் தாங்கும் மெழுகும் சேர்ந்த அமைப்பு. தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளும் (தந்தியை அழுத்திச் சுவரம் எழுப்பும் உலோகக் கட்டைகள்) தண்டியில், அதாவது வீணையின் நீண்ட கழுத்தில், அறையப்பட்டவை அல்ல. தேன்மெழுகில் கரித்தூள் கலந்து பிசைந்த கருப்பு வரப்பின் மேல் உட்கார்ந்திருப்பவை. வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மதியம் கிடந்தாலே மெழுகு இளகி மெட்டு அமிழும். வருடக்கணக்கில் கிடந்தால் மெழுகு காய்ந்து வெடிக்கும். மேளத்தைப் புதிதாகக் கட்டினால் வீணை பிழைத்துவிடும்.

முதலில் நீங்களே சோதித்துப் பாருங்கள். வெறும் தந்தி சுத்தமாக ஒலித்து, சில மெட்டுகளில் மட்டும் சுவரம் பிசகினால் மேளக் கோளாறு. வெறும் தந்தியே கரகரத்தால், குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கும் குதிரையின் உலோகத் தகட்டைப் பாருங்கள். குடத்தை (வீணையின் உருண்டையான பெரிய பகுதியை) விரல் கணுவால் தட்டும்போது ஓரிடத்தில் சலசலத்தால் ஒட்டு விட்டிருக்கும். ஒரே மரத்தில் குடைந்த ஏகாந்த வீணையானால் விரிசல். பிறகு குடத்தின் பக்கம் கண்ணை வைத்து, மறுமுனையில் உள்ள யாளித் தலை வரை தண்டி நெடுகப் பாருங்கள். தண்டி வளைந்திருந்தால் அதுதான் உண்மையான மரக்கோளாறு. நடுவில் மெழுகை உயர்த்திக் கட்டி வளைவை மறைத்துத் தருவதும் நடக்கிறது. அதை ஏற்காதீர்கள், கமகத்துக்காகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது தடித்த மெழுகு தாங்காது.

புதுத் தந்தி போட்டு, வாசிப்பவர் வழக்கமாக வைக்கும் சுருதியில் இரண்டு மூன்று நாள் நின்ற பிறகே மேளம் கட்ட வேண்டும். மெட்டில் அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதி சற்று ஏறும். அதை ஈடுகட்ட மெட்டை மேருப் பக்கம் (யாளிப் பக்கம் தந்தி தாங்கி நிற்கும் கட்டை) நூலளவு தள்ளி வைக்கிறோம். எவ்வளவு தள்ளுவது என்பது தந்தியின் கனத்தைப் பொறுத்தது. அளவுகோல் வழி காட்டும், முடிவு சொல்வது காது. தந்தி நீளம் 80 செ.மீ. என்றால் முதல் மெட்டு மேருவிலிருந்து சுமார் 4.5 செ.மீ. தள்ளி வரும், 23, 24ஆம் மெட்டுகளுக்கு இடையே 1.2 செ.மீ.தான். முதல் மெட்டில் 1 மி.மீ. பிசகினால் பெரிதாக உறுத்தாது. கடைசி மெட்டில் அதே பிசகு ஏறக்குறைய நான்கு மடங்காகக் கேட்கும்.

குதிரைத் தகட்டில் தந்தி பள்ளம் தோண்டியிருந்தால் அரத்தால் ராவலாம், ஆனால் தட்டையாக்கிவிடக் கூடாது. வீணையின் நாதமே அந்த மெல்லிய வளைவில்தான் இருக்கிறது. ஒரு தந்தியில் அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து எழும் மேற்சுரங்களில், மீட்டும் இடத்தில் கணு (அசையாப் புள்ளி) உள்ளவை ஒலிக்காது என்பது பழைய விதி. வளைந்த குதிரையால் வீணையில் அவையும் ஒலிக்கின்றன என்று இயற்பியலாளர் சி. வி. இராமன் 1921இல் எழுதினார். ஐந்து நிமிட அரவேலை அதைக் கொன்றுவிடும்.

ஆடும் மெட்டுக்கு ஃபெவிகுவிக் வேண்டாம். அது மெழுகில் பிடிக்காது. மரத்தில் இறங்கினாலோ அடுத்த முறை சுரண்டும்போது மரமும் பெயரும். மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றுவதும் வேண்டாம்.

பழுதுக்குக் கொடுக்கும் முன் மெட்டு, பிரடை (தந்தியை முறுக்கும் முளை), லங்கர் (சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்யும் உறுப்பு), நாகபாசம் (தந்திகளின் குடப்பக்க முனையைப் பிடிக்கும் உறுப்பு) எல்லாவற்றையும் எண்ணிப் படம் எடுத்து வையுங்கள். கழற்றிய மெட்டுகளை ராவி மறுபடி வைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றாலும் அவற்றைத் திருப்பி வாங்கி வீட்டில் வையுங்கள்.