பெட்டித் துலங்கல்: ‘மாதிரிப் பெட்டி’ ஏன் வேண்டாம்

பாபநாசத்திலிருந்து ஒரு தம்பி கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வாரம் ஒருமுறை கும்பகோணத்துக்கு வருவான். என் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து பாட்டுக்கு வேண்டியதைப் பதிவு செய்துகொண்டு கடைசி பஸ்ஸில் திரும்பிவிடுவான். போன வாரம் அவன் வாசித்ததைக் கேட்டால், போர்வைக்குள் ரேடியோ பாடுவது போல ஒலி அடைபட்டுக் கிடந்தது. கணினியைத் திறந்து பார்த்தேன். கிட்டாரின் ஒலியைப் பெருக்குகிற ஆம்ப்பைப் போல நடந்துகொள்ளும் ஆம்ப் செயலியிலேயே ஸ்பீக்கர் பெட்டியும் இருக்கிறது. அதை அணைக்காமல் அதற்குப் பின்னால் இன்னொரு பெட்டியையும் மாட்டியிருக்கிறான். “ஏன்டா ரெண்டு?” என்றேன். “அண்ணே, ஒண்ணு ஆம்ப் மாதிரி, இன்னொண்ணு மாதிரிப் பெட்டி. ரெண்டும் வேணும்னு தமிழ்ல போட்டிருந்தாங்களே” என்றான்.

அவன் மேல் தப்பே இல்லை. அந்தச் சொல்தான் அவனைத் திசைதிருப்பியிருக்கிறது. ஸ்பீக்கர் பெட்டியின் ஒலிக்குணத்தைப் பதிந்து தருகிற கணினிக் கோப்புக்குத் தமிழில் சிலர் வைத்த பெயர் ‘மாதிரிப் பெட்டி’. இந்த வருடத்தில் அதை எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். மின்கிட்டாரின் ஒலி ஆம்ப்போடு முடிவதில்லை. அதற்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியும், அதில் பெரும்பாலும் 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றோ இரண்டோ நான்கோ இருக்கும். கிட்டார் ஸ்பீக்கர் பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர் போல எல்லாச் சுருதியையும் தராது. ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் ஒலி சட்டென்று இறங்கிவிடும். இந்தக் குறைதான் அந்த வாத்தியத்துக்கு அழகைக் கொடுக்கிறது. ஆம்ப்பில் கரகரப்பைக் கூட்டிவிட்டுப் பெட்டியைத் தவிர்த்து நேரே கணினிக்குள் விட்டுப் பாருங்கள், டப்பாவில் அடைத்த வண்டு மாதிரி ‘ஙொய்’ என்று வரும். அதனால் ஸ்டூடியோக்களில் பெட்டியை அலறவிட்டு, முன்னால் ஷ்யூர் எஸ்எம்57 போன்ற மைக்கை வைத்துப் பதிவு செய்வார்கள். எங்கள் தெருவில் ஒரு சுவருக்கு இரண்டு வீடு. ராத்திரி ஒன்பது மணிக்கு நான்கு ஸ்பீக்கர் பெட்டியை அலறவிட்டால் பக்கத்து வீட்டு மாமி முதலில் வருவார், அப்புறம் தெருவே வரும்.

அதற்குத்தான் இந்த வழி. யாரோ ஒருவர் நல்ல அறையில் நல்ல பெட்டிக்குள் ஒரு கணநேர ஒலியை அனுப்பி, அதைப் பெட்டி என்ன செய்கிறது என்று மைக்கில் பிடித்துக் கோப்பாகத் தருகிறார். இப்போதெல்லாம் ஒற்றைச் சொடுக்கை அனுப்புவதைவிட, 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை படிப்படியாக ஏறுகிற ஒரு நீண்ட ஒலியை அனுப்பி, பிறகு கணக்குப் போட்டு அதைச் சொடுக்காகச் சுருக்கிக்கொள்கிறார்கள். இத்தாலிய ஒலியியல் ஆய்வாளர் ஆஞ்செலோ ஃபரினா 2000-இல் வெளியிட்ட முறையைத் தழுவியே பலரும் இதைச் செய்கிறார்கள். கிடைக்கிற கோப்பு மிகச் சின்னது. 2,048 கூறுகள், அதாவது ஒலியை அளந்து எழுதிய 2,048 எண்கள், கொண்ட கோப்பு, நொடிக்கு 48,000 கூறு என்ற கணக்கில், 43 மில்லிநொடிக்குள் முடிந்துவிடும். அதை அப்படியே ஒலிக்கவிட்டால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். கிட்டாரும் வராது, ஆம்ப்பும் வராது. நீங்கள் வாசிக்கும் ஒலியின் ஒவ்வொரு கூறுக்கும் பின்னால் அந்த ‘டக்’கை அதனதன் அளவுக்குப் பெருக்கி வால் போலக் கட்டி, எல்லா வாலையும் ஒன்றாகக் கூட்டினால், பெட்டிக்குள் போய் வந்த கிட்டார் கேட்கும்.

இதற்கு ஆங்கிலத்தில் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்று பெயர், சுருக்கமாக ஐஆர். இம்பல்ஸ், ‘உள்ளே தள்ளுதல்’ என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. ரெஸ்பான்ஸின் வேருக்கு ‘திரும்ப வாக்குக் கொடுத்தல்’ என்று பொருள். ஸ்பீக்கர் பெட்டிக்கு ஆங்கிலத்தில் கேபினெட், அது பிரெஞ்சு வழியாக வந்த ‘சின்ன அறை’. அந்த அறைக்குள் அரசரோடு கூடிப் பேசியவர்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டதால்தான், எந்திர மொழிபெயர்ப்புகள் கிட்டார் பெட்டியை ‘அமைச்சரவை’ என்று எழுதுகின்றன. அதை எந்திரம் செய்தது, மனிதர் திருத்தவில்லை. அதோடு விடுவோம். ‘மாதிரிப் பெட்டி’யையோ மனிதர்கள் யோசித்தே படைத்திருக்கிறார்கள். அதனால்தான் அதனுடன் வாதாட வேண்டியிருக்கிறது.

‘மாதிரி’ தமிழில் ஏற்கெனவே எத்தனை சுமையைச் சுமக்கிறது, பாருங்கள். மாதிரி வினாத்தாள் என்றால் ஒத்திகைக்கானது. மாதிரிப் பள்ளி என்றால் மற்றவை பின்பற்ற வேண்டியது. மாதிரி வாக்குப்பதிவு என்றால் உண்மையில் கணக்கில் சேராதது. பேச்சில் ‘அவன் மாதிரி’ என்றால் வெறும் ஒப்புமை. ஒலிப்பதிவுக்கு வந்தால், ஆம்ப்பின் மின்சுற்று எப்படி நடந்துகொள்ளும் என்று கணிதத்தால் கட்டி எழுப்புவதும் மாதிரி. உண்மையான ஒலியிலிருந்து எடுத்த துணுக்கும் மாதிரி. டிஜிட்டல் ஒலியில் நொடிக்கு 48,000 முறை எடுக்கிற ஒவ்வோர் அளவும் மாதிரி. ஆங்கிலத்தில் மாடல், சாம்பிள் என்று தனித்தனியாக இருப்பவை தமிழில் ஒரே வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டன. பள்ளிக் கணக்குப் புத்தகம் ‘கூறுவெளி’ என்று எழுதி, சாம்பிளுக்குக் கூறு என்ற சொல்லை எப்போதோ கொடுத்துவிட்டது. அதை எடுத்துக்கொள்ளாமல் இன்னும் மாதிரியையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். பாபநாசத்துத் தம்பி இரண்டு பெட்டியை அடுக்கியது இதனால்தான்: ஆம்ப் மாதிரி, பெட்டி மாதிரி என்று இரண்டும் ஒரே வகையாகக் காதில் விழுந்தன.

சரி, சொல் மயக்கம் தருவது இருக்கட்டும், பொருளாவது பொருந்துகிறதா? அதுவும் இல்லை. எங்கள் பக்கத்தில் மாதிரி எடுப்பதென்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். அறுவடை முடிந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், குவியலிலிருந்து ஒரு கை அள்ளி ஈரப்பதம் பார்ப்பார்கள். 17 சதவீதத்தைத் தாண்டினால் காயவைத்துக் கொண்டுவரச் சொல்வார்கள். தளர்வு கேட்டு விவசாயிகள் மனுப் போடுவார்கள். அந்த ஒரு கை நெல்லும் நெல்தான். குவியல் எதுவோ அதுவே கையிலும் இருக்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதும் இதைத்தான் சொல்கிறது. கீபோர்டில் வீணை ஒலி வருகிறதே, அதையும் மாதிரி எனலாம், தவறில்லை. யாரோ வீணையின் ஒவ்வொரு சுரத்தையும் மீட்டிப் பதிந்து கட்டைக்கு ஒன்றாக வைத்திருக்கிறார்கள். கட்டையை அழுத்தினால் வீணையில் ஒரு துண்டு வருகிறது.

இந்தக் கோப்பில் அப்படி ஒரு துண்டும் இல்லை. பெட்டியில் ஒலித்த பாட்டோ, ராகமோ, ஒரு தந்தியின் ஓசையோ எதுவும் இல்லை. தன்னிடம் வந்த எதையும் பெட்டி எப்படி மாற்றித் தரும் என்ற குணம் மட்டும் இருக்கிறது. அதற்குள் கிட்டாரை விடலாம், குரலை விடலாம், தவிலைக்கூட விடலாம். எதை விட்டாலும் அந்தப் பெட்டி வழியாக வந்ததாகத்தான் கேட்கும். குவியலின் ஒரு கையை அள்ளுவதும், ஒன்றைத் தட்டி அதன் குணத்தைக் கேட்பதும் வேறு வேறு வேலைகள். முதலாவதற்கான சொல்லை இரண்டாவதன் தலையில் வைக்கிறோம்.

தட்டிக் கேட்பது என்றதும் எனக்கு நினைவு வருவது எங்கள் ஊர்ப் பாத்திரக்கடைகள். அம்மா பித்தளைக் குடம் வாங்கும்போது கடைக்காரர் என்ன சொன்னாலும் காதில் வாங்கமாட்டார். குடத்தின் கழுத்தில் இடது கையை வைத்துத் தூக்கி, வலது கை விரல் கணுவால் இடுப்பில் ஒரே ஒரு தட்டு. ‘ணங்ங்...’ என்று இழுத்து நின்றால் பணத்தை எடுப்பார். ‘டப்’ என்று அடங்கினால், எங்கோ கீறல் என்று கீழே வைத்துவிடுவார். மண்பானைக்கும் அதே தேர்வுதான். தஞ்சாவூரில் வீணை செய்கிறவர்கள் பலாமரத்தைக் குடைந்து குடம் எடுக்கும்போதும் தட்டிப் பார்த்துக்கொண்டேதான் செதுக்குவார்கள். ஒரு தட்டு, அதற்குப் பொருள் தருகிற ஓசை. ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் மைக்கை வைத்துக் கணினி செய்வதும் அம்மா செய்ததும் ஒரே காரியம். கணினி அதை எண்ணாக எழுதி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

‘தூண்டல் பதில்’ என்று இன்னொரு மொழிபெயர்ப்பும் சுற்றிவருகிறது. இதில் இரண்டு பாதியும் தப்பு. தூண்டல் என்ற சொல்லை இயற்பியல் நமக்கு முன்பே வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டது, மின்காந்தத் தூண்டல். கிட்டாரின் பிக்கப் வேலை செய்வதே அதனால்தான்: காந்தத்தைச் சுற்றிய கம்பிச்சுருளுக்கு மேலே தந்தி அதிர, சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. ஆகவே கிட்டார்க்காரனிடம் ‘தூண்டல் பதில்’ என்றால் அவன் மனசு பிக்கப்புக்குத்தான் போகும், பெட்டிக்கு வராது. ஒரே கருவியின் இரண்டு முனைக்கும் ஒரே சொல்லைக் கொடுப்பது பெருங்குழப்பம். ‘பதில்’ கேள்விக்குச் சொல்வது. பெட்டியை யாரும் கேள்வி கேட்கவில்லை. ‘மறுமொழி’ என்கிறார்கள் சிலர். மொழி என்ற பேச்சுக்கான சொல் மரப்பெட்டியின் வாயில் எப்படி வரும்?

நல்ல சொற்கள் பாடப்புத்தகத்திலேயே கிடக்கின்றன. இம்பல்ஸுக்குப் பள்ளி இயற்பியல் தரும் சொல் கணத்தாக்கு. கணத்தில் தாக்குவது. இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ரெஸ்பான்ஸுக்கு உயிரியலும் உளவியலும் தருவது துலங்கல். பி.எட். படித்த யாரையும் கேளுங்கள், தூண்டல்–துலங்கல் என்று ஒப்பிப்பார்கள். இரண்டையும் சேர்த்தால் கணத்தாக்குத் துலங்கல்.

துலங்கல் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, மறைக்கவில்லை. துலங்குதல் என்றால் ஒளிர்தல், தெளிவாகத் தெரிதல். பாத்திரம் துலக்குகிறோம், பல் துலக்குகிறோம். அழுக்குக்குள் மறைந்திருந்தது வெளியே தெரிகிறது. ராசியான ஆளைப் பற்றி ‘அவர் தொட்டது துலங்கும்’ என்கிறோம். தொடுதலும் துலங்கலும் தமிழில் ஏற்கெனவே சேர்ந்தே நடக்கிற சொற்கள். பெட்டியை ஒரு கணம் தொடுகிறோம், அதன் குணம் துலங்குகிறது. இந்தப் பொருளுக்காகவே வார்த்தது போல இல்லையா?

கேபினெட்டுக்குப் பெட்டி போதும். தமிழோடு மலையாளம், கன்னடம், தெலுங்கு எல்லாவற்றிலும் உள்ள பழஞ்சொல் அது. சுருதிப் பெட்டி, ஆர்மோனியப் பெட்டி என்று இசையிலும் நெடுநாளாகப் புழங்குகிறது. மைக்செட்காரர்கள் ‘பாக்ஸ்’ என்கிறார்கள், அதுவும் இதேதான். நண்பர் ஒருவர் வீணையை நினைத்துக் ‘குடம்’ என்று வைக்கலாமே என்றார். அழகான யோசனை. ஆனால் வீணையின் குடம் தந்தியின் அதிர்வைத் தானே வாங்கி ஒலிக்கிறது. இங்கே ஒலிப்பது ஸ்பீக்கர், பெட்டி அதற்கு வீடு. பெட்டி என்றே இருக்கட்டும். நீளம் வேண்டாம் என்கிறவர்கள் ‘பெட்டித் துலங்கல்’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு நேர்மையும் உண்டு. இந்தக் கோப்பு பெட்டியை முழுதாகப் பிடிப்பதில்லை. ஸ்பீக்கரை மிகவும் சத்தமாக ஓட்டினால் அதன் காகிதக் கூம்பு தன் பங்குக்கு ஒரு கரகரப்பைச் சேர்க்கும். அது இதில் வராது. மைக்கும் அது நின்ற இடமும் சேர்ந்தே பதிவாகியிருக்கும், கூம்பின் நடுவில் வைத்தால் கூர்மை, ஓரத்துக்குப் போனால் மழுக்கம். ‘மாதிரிப் பெட்டி’ என்கிற பெயர் பெட்டியையே கொடுத்துவிட்டதாக வாக்குக் கொடுக்கிறது. ‘பெட்டித் துலங்கல்’ தன்னால் முடிந்ததை மட்டும் சொல்கிறது: ஒரு தாக்குக்கு, ஓர் இடத்திலிருந்து கேட்ட துலங்கல்.

எனக்குத் தனித்தமிழ் வெறி இல்லை. கிட்டார், ஆம்ப், மைக் எல்லாம் அப்படியே இருக்கட்டும். பேசும்போது நானும் ‘ஐஆர்’ என்றுதான் சொல்கிறேன். ஆனால் எழுதிக் கற்றுக்கொடுக்கிறவர் தமிழில் ஒரு சொல்லை வைக்கிறார் என்றால், அந்தப் பொருளை ஒருமுறையாவது காதால் கேட்டுவிட்டு வைக்க வேண்டும். அகராதியில் முதலில் இருக்கும் பொருளை எடுத்து ஒட்டுவதும், எதற்கும் ‘மாதிரி’ என்று தள்ளிவிடுவதும் சோம்பல். ஒலிபெருக்கி என்ற சொல்லுக்கும் இதே கதிதான். ஆம்ப்புக்கும் அதே, ஸ்பீக்கருக்கும் அதே என்று எழுதி, எதை எதில் சொருக வேண்டும் என்று தெரியாமல் பிள்ளைகள் விழிக்கிறார்கள். படிக்கிற பையன் தனக்கு மூளை இல்லை என்று நினைத்துக்கொள்கிறான். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்றைக்குத் தம்பியின் கணினியில் ஆம்ப் செயலிக்குள் இருந்த பெட்டியை அணைத்தோம். பின்னால் இருந்த ஒன்று மட்டும் நின்றது. போர்வை விலகி, தந்தியை நகம் தொடுகிற சத்தம் வரைக்கும் வந்தது. கோப்புறையின் பெயரைப் ‘பெட்டித் துலங்கல்’ என்று மாற்றினான். உள்ளே இருந்த கோப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, ‘நடு’, ‘ஓரம்’, ‘இரண்டு அங்குலம் தள்ளி’ என்று தமிழிலேயே பெயர் எழுத ஆரம்பித்தான். கடைசி பஸ் போய்விட்டது, ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொண்டான்.