வானம் வெளுத்த பிறகும் வரும் வெள்ளம்

வேலூரில் பாலாற்றுப் பாலத்தில் நின்று கீழே பார்த்தால், ஆண்டின் பெரும்பகுதி கண்ணில் படுவது மணலும் சீமைக் கருவேலமும்தான். மாடு மேயும் இடத்தில் வெள்ளம் வரப்போகிறது என்று ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ கூவிக்கொண்டு போனால், கரையோரத்தில் இருப்பவர் முதலில் அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறார். மழை இல்லை. வீட்டுக்குள் போய்விடுகிறார். என் கவலை இந்த ஒரு கணத்தைப் பற்றியதுதான். பாலாற்றைக் கணிக்க நம் தலைக்கு மேலுள்ள வானம் உதவாது.

348 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆறு கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. ஆந்திரத்தின் ஓரத்தைக் கடந்துதான் நம்மிடம் வருகிறது. திருவலம் வழியாக வரும் பொன்னை ஆறு சித்தூர் மாவட்டத்து நீரைக் கொண்டுவருகிறது. குடியாத்தத்தின் ஊடே ஓடும் கவுண்டன்ய நதிக்கும் ஆந்திர மலைகளே தாய்வீடு. அங்கே இரவெல்லாம் கொட்டிய மழை, காட்பாடியில் வெயில் அடிக்கும் நேரத்தில் வந்து சேரலாம். 1903 நவம்பரில் மைசூர் சமஸ்தானத்தில் பேத்தமங்கலம் ஏரி உடைந்தபோது, அந்த நீர் வாணியம்பாடியைச் சூறையாடியது. அழிந்த ஊருக்கும் உடைந்த கரைக்கும் நடுவே ஒரு மாநில எல்லையே இருந்தது.

ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10 லட்சம் லிட்டர். வானிலை ஆய்வு மையம் ‘மிக கனமழை’ என்று சொன்னால், ஒரே நாளில் 115.6 முதல் 204.4 மில்லிமீட்டர் வரை என்று பொருள். 120 மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்: சதுர கிலோமீட்டருக்கு 12 கோடி லிட்டர். இதில் எவ்வளவு ஆற்றுக்கு வரும் என்பதை அந்த மழை மட்டும் தீர்மானிப்பதில்லை, அதற்கு முன் பெய்த மழையும் தீர்மானிக்கிறது. பருவத்தின் தொடக்கத்தில் காய்ந்த மண் குடிக்கும், ஆற்று மணல் குடிக்கும், வழியில் உள்ள ஏரிகள் வாங்கிக்கொள்ளும். நவம்பர் பாதி கடந்து மண் ஊறி, ஏரிகள் கலங்கல் (உபரிநீர் வெளியேறும் வாய்) வழியத் தொடங்கிவிட்டால், ஒரு ஏரியின் உபரி அடுத்த ஏரிக்கும் அதன் உபரி ஆற்றுக்கும் தடையின்றி இறங்கும். அக்டோபரில் ஓடைகூட நிரம்பாத அதே மழை இப்போது பாலத்தைத் தொடும். 2021 நவம்பரில் பாலாறும் கவுண்டன்ய நதியும் கரை புரண்டதை நாமே பார்த்தோம். ஆகவே எத்தனை ஏரிகள் நிரம்பின, கவுண்டன்ய நதியிலுள்ள மோர்தானா அணை வழிகிறதா என்ற செய்திகளை, மழை அளவைக் கவனிப்பது போலவே கவனிக்க வேண்டும்.

எச்சரிக்கை நமக்குத் தருவது நேரத்தைத்தான். வெள்ளம் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நகர்ந்தால் மணிக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர். மேலே 35 கிலோமீட்டர் தொலைவில் அளந்து சொன்னால், நமக்குச் சுமார் ஐந்து மணி நேரம் கிடைக்கும். சரிவான மலையோடைகளில் இது மிகவும் சுருங்கிவிடும். அறிவிப்பில் வரும் ‘கனஅடி’ என்பது ஒரு நொடியில் 28.3 லிட்டர் நீர். 50,000 கனஅடி என்றால், 12,000 லிட்டர் கொள்ளும் டேங்கர் லாரிகள் நூற்றுக்கும் மேல் ஒவ்வொரு நொடியும் கடந்துபோவதற்குச் சமம்.

கிடைத்த அந்த நேரத்தில் மாடுகளை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டலாம், ரேஷன் அட்டையையும் பத்திரங்களையும் பிளாஸ்டிக் உறையில் சுற்றலாம், மின்சார மெயினை அணைக்கலாம், முதியவர்களை இருட்டுவதற்கு முன் அழைத்துச் செல்லலாம். தரைப்பாலத்தை மட்டும் கடக்க முயல வேண்டாம். ஓடும் நீரின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. முழங்காலுக்குச் சற்று மேல் ஓடும் நீரே திடமான ஆளைச் சாய்த்துவிடும். சக்கரத்தைத் தாண்டி ஏறிய நீர் காரைத் தூக்கி மிதக்கவிடும். கலங்கிய நீருக்கு அடியில் பாலம் இன்னும் இருக்கிறதா என்பது கரையில் நிற்பவருக்குத் தெரியாது. வெள்ளம் வடிந்த பின்னும் பிள்ளைகளை ஆற்றில் இறங்க விடாதீர்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் நீர் நிரம்பி, சமதரை போலவே தோன்றும்.

ஏரிக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு இன்னொன்று. நிறைந்த ஏரியின் கரை சற்றுக் கசிவது இயல்பு. கசியும் நீர் தெளிவாக இருந்தால் அது மண்துகள்களுக்கு இடையே வடிந்து வருகிறது. ஆனாலும் அளவு கூடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அது செம்மண் நிறத்தில் கலங்கி வந்தால், கரைக்குள்ளிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். உள்ளே குழாய் போல ஒரு துளை வளர்கிறது. அது வளர வளர நீர் வேகம் பிடிக்கும், வேகம் கூடக் கூட அரிப்பும் கூடும். கரை எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரவுக் காவலில் இருப்பவர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியது இந்த நிறத்தைத்தான். கலங்கிய நீரைக் கண்டால் மணல் மூட்டைக்கு ஆள் தேடுவதற்கு முன்பே கீழேயுள்ள தெருக்களை எழுப்பிவிட்டு, மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077-க்கு அழைத்துச் சொல்ல வேண்டும்.