தாபரிப்பு: ஒரு சொல்லின் பொருளும் வேரும்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ நீதவான் நீதிமன்ற விறாந்தையில் காலையில் சற்று நேரம் நின்றால், ‘தாபரிப்புக்குப் போட்டிருக்கிறன்’ என்றும் ‘இந்த மாதத் தாபரிப்புக் காசு இன்னும் கட்டேல்லை’ என்றும் பெண்கள் தமக்குள் பேசிக்கொள்வது காதில் விழும். தமிழ்நாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களில் ‘ஜீவனாம்சம்’ என்று கேட்டுப் பழகியவர்களும் நீதிமன்றப் படியேறியதும் தாபரிப்பு என்றே சொல்கிறார்கள். துணையையும் பிள்ளைகளையும் தாங்குவதற்காக நீதிமன்றம் கட்டச் சொல்லும் ஒரே பணத்தை இரண்டும் குறிப்பதாகத் தோன்றினாலும் அவற்றின் பொருள் வேறு. அந்த வேறுபாடு தெரியாமையால் தமக்குரியதைக் கேளாமலே விட்ட பெண்கள் வன்னியில் பலர் இருப்பதால் இச்சொல்லைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியுள்ளது.

தாபரிப்பு வடமொழி வழி வந்த சொல். ‘ஸ்தா’ என்னும் வேருக்கு நிற்றல் என்பது பொருள். தமிழ் அதன் முதலெழுத்தை உதிர்த்து, ஸ்தானத்தைத் தானம் என்றும் ஸ்தாபனத்தைத் தாபனம் என்றும் ஆக்கிக்கொண்டதைப் போலவே ‘ஸ்தாவரம்’ என்பதைத் தாவரம் என்றும் தாபரம் என்றும் ஆக்கிக்கொண்டது. நின்ற இடத்தில் நிற்பதால் மரஞ்செடிகள் தாவரமாயின; பெயர்க்க முடியாதபடி நிறுவப்பட்ட இலிங்கத்தைச் சைவ நூல்கள் தாபரம் என்றன. நிலையாக நிற்பதைப் பற்றிக்கொள்ளலாம் என்பதால் தாபரம் பற்றுக்கோடு என்ற பொருளையும் பெற்றது. தமிழ் விவிலியத்தின் 91ஆம் சங்கீதம் கடவுளைத் தாபரம் என்பது இப்பொருளில்தான். ஒருவர் விழுந்துவிடாமல் தாங்கி நிறுத்துவது தாபரித்தல். அச்செயலின் பெயர் தாபரிப்பு.

ஜீவனாம்சமோ ஜீவனம், அம்சம் என்ற இரு சொற்களின் சேர்க்கை. அம்சம் என்றால் பங்கு. பிழைப்புக்குரிய பங்கு என்று பொருள்படுவதால், கேட்பவர் மனம் உடனே சொத்துப் பிரிப்பை நோக்கிப் போய்விடுகிறது. ‘ஜீவனாம்சம் கேட்டால் காணியில் பாதி கிடைக்குமா?’ என்ற கேள்வி அப்படிப் பிறப்பதுதான். காணியின் கணக்கு வேறு. வடமாகாணத் தமிழருக்குப் பொருந்தும் வழமைச் சட்டமான தேசவழமையில் சீதனம், முதுசொம் (முன்னோர் வழி வந்த சொத்து), தேடியதேட்டம் (திருமணத்தின் பின் தேடிய சொத்து) ஆகியவற்றுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. குடியேற்றத் திட்டங்களில் கணவன் பெயரில் மட்டும் வழங்கப்பட்ட ‘பேமிற்’ காணியோ, அதாவது அரச அனுமதிப்பத்திரக் காணியோ, இன்னும் சிக்கலானது. வீட்டுத்திட்ட வீட்டின் அத்திவாரத்துக்கு மண் சுமந்தவள் மனைவியாக இருந்தாலும், அனுமதிப்பத்திரத்தில் அவள் பெயர் இராது. இவை எவற்றையும் தாபரிப்பு வழக்கு தீர்த்து வைக்காது.

தாபரிப்பு வழக்கு எதைத் தீர்க்கிறது என்பதற்கு இலங்கையின் 1999ஆம் ஆண்டு 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பிருந்த 1889ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் கணவன்மீதும் தந்தைமீதும் மட்டுமே அக்கடமையைச் சுமத்தியது. புதிய சட்டமோ போதிய வருமானமுள்ள வாழ்க்கைத் துணை, தன்னைத் தாங்கிக்கொள்ள இயலாத மற்றத் துணையைத் தாபரிக்க வேண்டும் என்கிறது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும், தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள இயலாத 18 முதல் 25 வயது வரையானவர்களுக்கும், மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கும் தாபரிப்புக் கோரலாம். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் இவ்வுரிமை உண்டு.

‘டிவோஸ் எடுத்தால்தான் தாபரிப்புக் கிடைக்கும்’ என்று ஊரில் சொல்வது தவறு. விவாகரத்து மாவட்ட நீதிமன்றத்தின் அலுவல். தாபரிப்பு நீதவான் நீதிமன்றத்தின் அலுவல். கணவன் விட்டுவிட்டுப் போன மறுமாதமே, திருமணம் முறியாமல் இருக்கும்போதே தாபரிப்புக் கேட்கலாம். உண்மையில் இதற்கு நேர்மாறான ஆபத்தே இருக்கிறது. அச்சட்டம் ‘வாழ்க்கைத் துணை’க்கே தாபரிப்பு வழங்குவதால், விவாகரத்து முடிவானதும் மனைவி என்ற நிலை போய்விடுகிறது. அதற்குப் பின்னும் தனக்கு உதவி வேண்டுமென்றால், நிரந்தரத் தாபரிப்பை விவாகரத்து வழக்கிலேயே மாவட்ட நீதிமன்றத்திடம் கேட்டிருக்க வேண்டும். பிள்ளைகளின் உரிமை இதனால் குறைவதில்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இருவரும் உடன்பட்டுப் பிரிந்து வாழ்கிறார்கள் என்றால் துணைக்குத் தாபரிப்புக் கட்டளை இடக்கூடாது என்கிறது அதே சட்டம். சச்சரவு முற்றிப் பொலிஸ் நிலையத்துக்குப் போகும்போது, ‘நாங்கள் இருவரும் விருப்பத்துடன் பிரிகிறோம்’ என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. அடி வாங்கியவள் அன்றைய தொல்லை தீர்ந்தால் போதுமென்று ஒப்பமிடுகிறாள். பின்னாளில் அத்தாளே அவளுக்கு எதிரான சான்றாகக்கூடும். சட்டத்தரணி ஒருவரைக் கேளாமல் அப்படியொரு வரியின் கீழ் எவரும் கையெழுத்திட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கட்டளை கிடைத்தபின் வரும் இடர் வன்னிக்கே உரியது. அரச உத்தியோகத்தர் என்றால் சம்பளத்திலிருந்தே கழிக்கச் செய்யலாம். இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் விதைப்பவனுக்கோ மாதச் சம்பளம் கிடையாது. காலபோக அறுவடைக்கு ஒருமுறை, தண்ணீர் கிடைத்தால் சிறுபோகத்துக்கு ஒருமுறை என்றே காசு வருகிறது. மனைவியிடம் இருப்பதோ மாதந்தோறும் கட்டச் சொல்லும் கட்டளை. விதைப்புக் காலத்தில் நிலுவை ஏறுகிறது, பிடியாணை வருகிறது, அறுவடை முடிந்து கையில் காசு வரும்போது பழைய கடன்காரன் முந்திக்கொள்கிறான். வழக்காடும் போதே வருமானம் எந்த மாதங்களில் வருகிறது என்பதை நீதிமன்றத்துக்கு விளக்கிவிடுவது இத்தொல்லையைக் கொஞ்சமாவது குறைக்கும்.

இனி, நல்ல தமிழில் இதற்கு என்ன சொல்வது? பராமரிப்பு என்ற சொல்லும் புழக்கத்தில் இருக்கிறது. அதுவும் வடசொல்லே, ஆராய்தல் என்ற பொருளிலிருந்து கவனித்து நடத்துதல் என்ற பொருளுக்கு வந்தது. ஆனால் உழவு இயந்திரத்தையும் வாய்க்காலையும்கூடப் பராமரிக்கிறோம் என்பதால் மனிதரைத் தாங்கும் அழுத்தம் அதில் மங்கிவிடுகிறது. தனித்தமிழில் ஓம்பல், புரத்தல், பேணல் மூன்றும் பொருந்துபவை. ஓம்பல் விருந்தோம்பலோடு ஒட்டிக்கொண்டது. புரத்தல் என்றதும் புரவலரும் பரிசிலும் நினைவுக்கு வருவதால், கொடுப்பவரின் பெருந்தன்மை என்ற சாயல் வந்துவிடுகிறது. உரிமையாகக் கேட்கும் ஒன்றுக்கு அந்தச் சாயல் ஆகாது. பேணல் என்பதில் அக்குறை இல்லை. பிள்ளை பேணுவதும் முதியோரைப் பேணுவதும் கடமையென்றே எல்லோரும் கொள்கிறோம். ஆகவே பணத்தைப் ‘பேணற்படி’ என்றும் வழக்கைப் ‘பேணல் வழக்கு’ என்றும் எழுதலாம் என்பது என் எண்ணம். எனினும் நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் மனுவில் தாபரிப்பு என்றே இருக்கட்டும். அங்குள்ள எழுதுவினைஞருக்கும் சட்டத்தரணிக்கும் வரிசையில் முன்னால் நிற்கும் பெண்ணுக்கும் அச்சொல்லே உடனே விளங்கும்.